புஸ்ஸ்... என்று ஒரு கியர்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கன்டெய்னர் லாரி, நிலக்கரி லாரி, உப்பு மூட்டை லாரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். டிரைவர் பார்க்கிங் பிரேக்கைப் போட்டதும் 'புஸ்ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். ஊர்க்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புதிதாக வந்தவர்கள்தான் டயர் போய்விட்டதோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அது டயர் இல்லை, பிரேக்குக்குள் அடைந்திருந்த காற்று வெளியேறும் சத்தம். இதே காற்றை வைத்துக் கல்லூரி மாணவர்கள் பந்தயக் கார் ஒன்றில் கியர் மாற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? மெக்கானிக்கல் மாணவர்களின் விளையாட்டு என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். இதில் பி.காம். மாணவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது கடைசிப் பக்கம் வரும்.

முதலில் போட்டியைப் பற்றி. 1981-இல் அமெரிக்காவில் 'ஃபார்முலா எஸ்ஏஇ' என்ற பெயரில் மாணவர்களுக்கான பந்தயக் கார் போட்டி ஒன்று தொடங்கியது. மாணவர்களே ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். இன்று பல நாடுகளில் இதே மாதிரிப் போட்டிகள் உண்டு. நம்மூரில் 'ஃபார்முலா பாரத்' இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும். மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கி, 1995-இல் காலமான கரிவர்தனின் பெயரைத் தாங்கிய ஓடுதளம் அது. தூத்துக்குடியிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். ஐஐடி மெட்ராஸின் 'ராஃப்தார்', வேலூர் விஐடியின் 'பிரவேகா', எஸ்ஆர்எம்மின் 'கேம்பர் ரேசிங்' எல்லாம் இந்த வகைக் கார் கட்டும் அணிகள்தான்.

கார் என்றாலும் பெட்ரோல் பிரிவில் பெரும்பாலும் இருப்பது பைக் எஞ்சின். நம் நாட்டு அணிகள் பல கேடிஎம் 390-இன் 373 சிசி எஞ்சினைப் பயன்படுத்துகின்றன. பைக் எஞ்சினோடு பைக்கின் கியர்பாக்ஸும் சேர்ந்தே வரும். பைக்கில் கியரை மாற்றுவது இடது கால். காரில் கால் பிரேக்கிலும் ஆக்சிலேட்டரிலும் இருக்கிறது, எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியானால் கியரை யார் மாற்றுவது?

எளிய வழி, பக்கத்தில் ஒரு லீவர் வைத்து, கம்பியாலோ கேபிளாலோ பின்னால் இணைத்துவிடுவது. பல அணிகள் இதைத்தான் செய்கின்றன, தப்பே இல்லை. ஆனால் இந்தப் போட்டிகளின் ஓடுதளம் நேர்ச்சாலை இல்லை, ரப்பர் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை. வளைவில் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தால் கார் கூம்பில் இடிக்கும். ஒவ்வொரு கூம்புக்கும் நேரத் தண்டனை உண்டு. அதனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருக்க வேண்டும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பட்டையை விரலால் தட்டினால் கியர் மாற வேண்டும்.

இந்த ஆசை புதிதல்ல. 1989-இல் ஃபெராரி நிறுவனம் ஜான் பர்னார்ட் வடிவமைத்த 640 என்ற ஃபார்முலா ஒன் காரில் இதைக் கொண்டுவந்தது. அதில் கியரை மாற்றியது காற்று இல்லை, எண்ணெய் அழுத்தம். அந்த வருடம் முதல் பந்தயம் பிரேசிலில். கார் எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று நினைத்து, சீக்கிரமே ஊர் திரும்ப விமான டிக்கெட் போட்டிருந்ததாக டிரைவர் நைஜல் மான்செல் பிறகு சொன்னார். ஆனால் அந்தப் பந்தயத்தில் ஜெயித்தார்! அதற்குப் பிறகு அந்தக் கார் பந்தயத்துக்குப் பந்தயம் பாதியில் நின்றது வேறு கதை. கியர் மாற்றும் யோசனையில் பழுதில்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதிதான் அடிக்கடி காலை வாரியது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் காரில் எண்ணெய் அழுத்தம் வைப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. பம்பு வேண்டும், திரும்பி வரும் குழாய் வேண்டும், கசிந்தால் எல்லா இடத்திலும் எண்ணெய். காற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேலை முடிந்ததும் வெளியே விட்டுவிடலாம், துறைமுக லாரி விடுகிற மாதிரி. லாரியில் காற்று பிரேக்கோடு நிற்பதும் இல்லை. கனரக லாரிகளின் 9 கியர் பெட்டிகளில் கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசைக்கு மாற்றுவது பெரும்பாலும் காற்றுதான். டிரைவர் ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டுகிறார், அவ்வளவே.

சரி, வடிவமைப்புக்கு வருவோம்.

அழுத்தத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் 'பார்'. தூத்துக்குடிக்காரர்களுக்குப் பார் என்றால் வேறு பொருளும் உண்டு. கடலுக்கடியில் முத்துச் சிப்பிகள் படிந்திருக்கும் பாறைத் திட்டுதான் பார். தோலாயிரம் பார் என்றெல்லாம் பெயர் சொல்வார்கள். (மூன்றாவது பொருளைத் தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும் :-)) இரண்டு பாரையும் இணைத்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் கூடும். முத்துப் பார்கள் பலவும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருப்பவை. அங்கே போன முத்துக்குளிப்பவரின் நெஞ்சை அமுக்கியது ஒன்றிலிருந்து இரண்டரை பார் வரையிலான கூடுதல் அழுத்தம். கியர் மாற்றும் சிலிண்டருக்குப் போகும் காற்று சாதாரணமாக 6 பார். அதாவது 60 மீட்டர் ஆழத்தில் கடல் அமுக்குகிற அளவு. அந்தக் காற்று அடைந்திருக்கும் புட்டியில் 200 பார் வரை இருக்கலாம். அது 2000 மீட்டர் ஆழம். காற்றுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்காகச் சொன்னது.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை, மீன் கடையில் தொங்கும் மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசு போதும். பைக்கின் கியர் லீவரில் மாட்டி, கியர் விழும் வரை இழுத்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 150 மி.மீ. நீளமுள்ள லீவரின் நுனியில் 100 நியூட்டன் (சுமார் 10 கிலோ எடை) தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். காரில் அவ்வளவு நீள லீவருக்கு இடம் இல்லை, 50 மி.மீ. லீவர்தான் வைக்க முடியும். நீளம் மூன்றில் ஒரு பங்கானால் பலம் மூன்று மடங்கு வேண்டும், ஆக 300 நியூட்டன்.

25 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 6 பார் காற்று கொடுக்கும் பலம் சுமார் 295 நியூட்டன். 'அட, கிட்டத்தட்ட வந்துவிட்டதே!' என்று வாங்கினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தின் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும். அதைவிட முக்கியமானது, தள்ளும்போது கிடைக்கும் பலம் இழுக்கும்போது கிடைக்காது. இழுக்கும் பக்கத்தில் கம்பி கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்கிறது, காற்று அழுத்துவதற்கான பரப்பு குறைகிறது. அடுத்த அளவு 32 மி.மீ. அதில் தள்ளும்போது சுமார் 480 நியூட்டன், 12 மி.மீ. கம்பி போக இழுக்கும்போது சுமார் 415. இரண்டு பக்கமும் தாராளம். எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

அடுத்தது வால்வு. பைக்கின் கியர் லீவர் ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் நடுநிலைக்குத் திரும்பி வர வேண்டும், அப்போதுதான் அடுத்த கியர் விழும். கியர்பாக்ஸுக்குள் அதற்கென்று ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. சிலிண்டரின் இரண்டு பக்கமும் காற்று அடைபட்டுக் கிடந்தால் பாவம், அந்த ஸ்பிரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டு பக்கக் காற்றையும் வெளியே விட்டுவிடும் சோலனாய்டு வால்வாகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் '5/3, நடுவில் எக்ஸாஸ்ட்' என்று கேட்பார்கள். நடுவில் அடைத்துக்கொள்ளும் வகையும் பார்க்க அப்படியே இருக்கும். மாறி வாங்கினால் முதல் கியர் விழும், இரண்டாவது விழாது.

மேல் கியருக்குப் போகும்போது கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பைக் கியர்கள் பக்கவாட்டில் இருக்கும் முரட்டுப் பற்களால் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பற்கள் பிடியை விடாது. நங்கூரக் கயிறு விறைப்பாக இருக்கும்போது முடிச்சை அவிழ்க்க முடியுமா? படகு ஒரு கணம் முன்னே நகர்ந்து கயிறு தொய்ந்தால் விரலால் அவிழ்த்துவிடலாம். அதே தந்திரம்தான் இங்கேயும். பட்டையைத் தட்டியதும் ஒரு சின்ன மின்னணுப் பலகை எஞ்சினின் தீப்பொறியை 50 மில்லி செகண்ட் அளவுக்கு நிறுத்துகிறது. இழுவை தொய்கிறது, அந்த இடைவெளியில் காற்று கியரை மாற்றிவிடுகிறது. காற்று அமுங்கும் தன்மை உள்ளது என்பதும் இங்கே நல்லதுக்குத்தான். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் காற்று பஞ்சு மாதிரி கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வழி கிடைத்ததும் தள்ளிவிடும். கீழ் கியருக்கு வரும்போது இந்தத் தந்திரம் செல்லாது. கிளட்ச் பிடிக்க வேண்டும், அல்லது ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி நியூட்ரல். பைக்கில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பாதித் தட்டலில் இருக்கிறது அது. காற்றுக்குப் பாதி என்பதே தெரியாது, முழு வேகத்தில் அடித்துத் தாண்டிவிடும். வால்வைக் கொஞ்ச நேரமே திறந்து பார்ப்பார்கள். மேசையில் பத்துக்குப் பத்து முறை நியூட்ரல் விழும். காரில் எஞ்சின் சூடானதும் கியர்பாக்ஸ் எண்ணெய் இளகி, அதே நேர அளவில் நியூட்ரலைத் தாண்டிவிடலாம். நியூட்ரல் என்ன அவ்வளவு பெரிய விஷயமா? நீண்ட ஓட்டப் போட்டியின் தூரம் சுமார் 22 கிலோமீட்டர். பாதியில் டிரைவர் மாற வேண்டும். எஞ்சினை அணைத்து, ஆள் மாறி, மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்குக் கொடுக்கும் நேரம் மூன்று நிமிடம். சூடான எஞ்சின், பதற்றமான டிரைவர், விழாத நியூட்ரல்... மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். நியூட்ரலுக்கு மட்டும் கையால் இழுக்கும் ஒரு சின்னக் கேபிள் வைத்துவிடுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

காற்று எங்கிருந்து வரும்? ஒரு தடவை கியர் மாற்ற, நம் 32 மி.மீ. சிலிண்டரும் குழாயும் சேர்ந்து சுமார் கால் லிட்டர் சாதாரணக் காற்றைத் தின்னும். ஒரு கிலோமீட்டருக்கு 15 தடவை என்று வைத்தால் 22 கிலோமீட்டருக்கு 330 தடவை. 2 லிட்டர் தொட்டியில் பங்ச்சர் கடை கம்ப்ரசரால் 10 பார் அடித்துக்கொண்டு போனால், அழுத்தம் 6 பாருக்கு இறங்குவதற்குள் 32 தடவைதான் மாற்றலாம். மூன்றாவது சுற்றிலேயே முடிந்தது கதை. 200 பார் அடைத்த 0.8 லிட்டர் புட்டி என்றால் 600 தடவை வரை தாங்கும். ஆனால் 200 பார் காற்றைப் பங்ச்சர் கடையில் அடிக்க முடியாது. மூழ்குபவர்களின் முதுகுப் புட்டியை நிரப்பும் வகைக் கம்ப்ரசர் வேண்டும். சிலர் கார்பன் டை ஆக்சைடு வைக்கிறார்கள். சின்னப் புட்டியில் நிறைய அடங்கும். ஆனால் வேகமாக எடுக்க எடுக்கக் குளிர்ந்து ரெகுலேட்டர் உறைந்துபோகும்.

விதிகளும் சும்மா விடுவதில்லை. புட்டி சான்று பெற்றதாக இருக்க வேண்டும், ரெகுலேட்டர் நேராகப் புட்டியின் வாயிலேயே இருக்க வேண்டும், புட்டியின் அச்சு டிரைவரை நோக்கி இருக்கக் கூடாது, சூட்டிலிருந்து காக்க வேண்டும். நியாயமான விதிகள். கூடவே நம் கடலோரத்துக்கென்று தனியாக ஒன்று சேர்க்கலாம்: ஈரம். தூத்துக்குடிக் காற்றை அடைத்தால் தண்ணீரும் சேர்ந்தே அடையும். லாரிக்காரர்கள் காற்றுத் தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடிக்காமல் விட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது கணக்கு. ஃபார்முலா எஸ்ஏஇ-இல் மொத்தம் 1000 புள்ளிகள். (போட்டிக்குப் போட்டி பங்கீடு மாறும்.) அதில் 75 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு 100, நீண்ட ஓட்டத்துக்கு 275, எரிபொருள் சிக்கனத்துக்கு 100. செலவு அறிக்கைக்கும் வணிக விளக்கத்துக்கும் தனியாக 175 உண்டு. காமர்ஸ் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளாத அணிகள் கவனிக்க! நேர் ஓட்டத்தில் முதலிடம் 4.2 நொடி, நம் அணி 5 நொடி என்று வைப்போம். காற்றுக் கியரால் 0.3 நொடி மிச்சமானால் புள்ளிச் சூத்திரப்படி ஏறத்தாழ 15 புள்ளி கூடும். நல்ல லாபம்தான். ஆனால் நீண்ட ஓட்டத்தை முடிக்கவில்லை என்றால் அங்கே கிடைக்க வேண்டியது ஏறக்குறைய முழுதும் போகும், சிக்கனப் புள்ளியும் போகும். இரண்டும் சேர்ந்து 250 புள்ளி எடுக்கக்கூடிய அணிக்கு, காற்றுக் கியரால் மட்டும் கார் நின்றுபோகும் வாய்ப்பு 100-க்கு 6 என்றாலே அந்த 15 புள்ளி லாபம் காலி. வளைவுகளில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருப்பதால் வரும் லாபத்தைச் சேர்த்தால் இந்த எல்லை கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் புதிதாகச் செய்த எதற்கும் 100-க்கு 6 என்பது பெரிய எண்ணே இல்லை. ஒரு குழாய் கழன்றால் போதும்.

ஆகவே சிலிண்டர் விட்டத்துக்கும் முன்னால் காகிதத்தில் எழுத வேண்டிய கேள்வி வேறு: காற்று போனால் என்ன ஆகும்?

லாரி செய்தவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது காற்று இல்லை, ஒரு முரட்டு ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விடுபட்டு லாரி நிற்கும். முத்துக்குளித்தவர்களிடமும் பதில் இருந்தது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் ஒரு பேச்சு மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது: கடலுக்குள் இறங்குபவர் கயிற்றைத் தன் மச்சான் கையில்தான் கொடுப்பாராம். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, மச்சான் அசந்து நிற்க மாட்டான்! மாணவர் காருக்கு அந்த மச்சான் யார்? காற்று தீர்ந்தாலும் பூட்டிக்கொள்ளாமல் இருந்த கியரிலேயே ஓடவிடும் வால்வு, பாகைக்காட்டியில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு, மூன்றாவது கியரிலேயே கிளம்பித் தாங்கும் கிளட்ச், கையால் இழுக்கும் அந்த நியூட்ரல் கேபிள். ஒவ்வொன்றும் சில நூறு கிராம்தான். எடை குறைக்கிறோம் என்று முதலில் கழற்றப்படுபவையும் இவையேதான்.

இத்தனை பாடுபட்டுச் செய்யும் இந்த அமைப்புக்கு ஆயுள் எவ்வளவு என்ற கேள்வியும் வந்துவிட்டது. 2022 நவம்பரில் ஐஐடி மெட்ராஸின் ராஃப்தார் அணி தன் முதல் மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டது. மின் மோட்டாருக்கு ஆறு கியர் தேவையில்லை. கியரே இல்லாத இடத்தில் கியர் மாற்றும் சிலிண்டருக்கு என்ன வேலை? ஆனால் ஜெர்மனியில் 2017 முதல் டிரைவரே இல்லாத மாணவர் கார்களும் ஓடுகின்றன. அவற்றின் அவசர பிரேக்குக்கான சக்தியை இயந்திர முறையில் சேமித்து வைக்க வேண்டும், மின்சாரம் போனால் பிரேக் தானே பிடிக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பல அணிகள் தேடிப் போவது அதே புட்டியையும், அதே ரெகுலேட்டரையும், அதே சோலனாய்டு வால்வையும்தான்.